இல்லாமையை எதிர்கொள்ளும் நுண்பாசிகள்

(கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)

குளத்து நீரைப் பச்சையாக்கும் பாசியை நாம் அனைவரும் அறிவோம். அந்நீரில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், தனித்தனி உயிரணுக்களாக நீந்தியும் மிதந்தும் வாழும் எண்ணற்ற சிற்றுயிர்களைக் காணலாம். இவையே நுண்பாசிகள். இவற்றுக்கு வேரும் தண்டும் இலையும் இல்லை. ஆயினும் சூரிய ஒளியைக் கொண்டு கரியமில வாயுவை உணவாக மாற்றும் தொழிலை நெற்பயிரைப் போலவே இவையும் செய்கின்றன. உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி, கடலில் மிதந்து வாழும் இத்தகைய நுண்ணுயிர்களால் நிகழ்கிறது.

நுண்பாசிகளைக் கொண்டு எரிபொருள் எண்ணெய் எடுக்கலாம், ஹைட்ரஜன் வாயு பெறலாம், வயலுக்கு உரமிடலாம், கழிவுநீரைத் தூய்மைப்படுத்தலாம் என்று பல திட்டங்கள் தீட்டப்பட்டுள்ளன. எண்ணெயும் ஹைட்ரஜனும் உரமும் தரும் திட்டங்கள் இப்பாசிகளின் ஒரு தனிக் குணத்தை நம்பி நிற்கின்றன. சத்துப்பொருள் குறையும்போதும் ஆக்சிஜன் குறையும்போதும் அவை தம் வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டு, வளமான காலத்தில் உண்டாக்காத பொருள்களை உண்டாக்குகின்றன. இந்தக் குணம் எத்தகையது, அதனால் நமக்குக் கிடைப்பது யாது, அதற்காகப் பாசி கொடுக்கும் விலை யாது என்பவற்றை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம். பயனைக் கணக்கிட்டு விலையைக் கணக்கிடாத திட்டம் நிலைபெறாது என்பதை இன்று வற்புறுத்த விரும்புகிறேன்.

குறைந்த சத்தே எல்லையாகிறது

பயிரின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது மிகுதியாக உள்ள சத்து அன்று. தேவைக்கு மிகக் குறைவாக உள்ள சத்தே என்பது, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியல் அறிஞர் பரப்பிய விதி. வேளாண்மை பயின்றோர் இதனை நன்கு அறிவர். நுண்பாசிகளுக்கும் இது பொருந்தும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய மூன்றின் அணுக்களும் சராசரியாக 106:16:1 என்ற விகிதத்தில் அமைந்துள்ளன என்பதை ரெட்ஃபீல்டு என்ற அறிஞரின் ஆய்வுகள் நிலைநாட்டின. இந்த மூன்றோடு கந்தகம், இரும்பு, தாமிரம் முதலியனவும் சிறு சிறு அளவில் வேண்டும். இவற்றுள் எது தீர்ந்தாலும் வளர்ச்சி நின்றுவிடும்.

இதற்கு நம் நாட்டு விஞ்ஞானிகள் பங்குகொண்ட ஓர் ஆய்வையே சான்றாகக் காட்டலாம். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து, 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்முனைப் பெருங்கடலில் 'லோஹாஃபெக்ஸ்' என்னும் சோதனையை நடத்தின. 'லோஹா' என்ற இந்திச் சொல்லுக்கு இரும்பு என்பது பொருள். அக்கடற்பகுதியில் இரும்புச் சத்து மிகக் குறைவு. ஆகவே ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு உப்பைக் கரைத்து, பாசிகள் பெருகுமா, அவை கடலடியில் படிந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குறைக்குமா என்று பார்த்தனர். பாசிகள் பெருகத்தான் செய்தன. ஆனால் கண்ணாடி போன்ற மணற்சத்து ஓடுகளைக் கொண்ட டயட்டம் என்னும் பாசியினம் பெருகவில்லை. அந்த ஓட்டுக்கு வேண்டிய சிலிக்கா அந்நீரில் முன்னரே தீர்ந்திருந்தது. பெருகிய மற்றப் பாசிகளைச் சிறு கடற்பிராணிகள் தின்றுவிட்டன. ஆழத்துக்குச் சென்ற கார்பன் சொற்பமே. ஒரு குறையை நீக்கியதும் அடுத்த குறை எல்லையாக வந்து நின்றது.

சிக்கனத்தின் படிகள்

சத்து குறையத் தொடங்கியவுடன் பாசி மடிந்துவிடுவதில்லை. அது படிப்படியாகச் சிக்கனத்தை மேற்கொள்கிறது.

முதற்படி தேடுதல். எந்தச் சத்து குறைகிறதோ அதனை உள்ளிழுக்கும் புரதங்களை உயிரணு தன் மேலுறையில் மிகுதியாக அமைத்துக்கொள்கிறது. பாஸ்பரஸ் குறைந்தால், நீரிலுள்ள கரிமப் பொருள்களிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கும் நொதியை வெளியே சுரக்கிறது.

இரண்டாம் படி மாற்றுப் பொருளைக் கையாளுதல். ஒளிச்சேர்க்கையின்போது மின்னணுக்களை ஏந்திச் செல்லும் பிளாஸ்டோசயனின் என்ற புரதத்துக்குத் தாமிரம் வேண்டும். கிளாமிடோமோனாஸ் என்னும் பச்சைப் பாசி, தாமிரம் கிடைக்காதபோது அப்புரதத்தைக் கைவிட்டு, இரும்பைக் கொண்ட வேறொரு புரதத்தை அதே பணிக்கு அமர்த்துகிறது. பாஸ்பரஸ் அருகியபோது சவ்வுகளிலுள்ள பாஸ்பரஸ் கொண்ட கொழுப்புகளைக் குறைத்து, அவ்விடத்தில் கந்தகம் கொண்ட கொழுப்புகளையும் பாஸ்பரஸ் இல்லாத பிற கொழுப்புகளையும் வைத்துக்கொள்கிறது.

மூன்றாம் படி உள்ளதைப் பிரித்துப் பயன்படுத்துதல். உடனடித் தேவையில்லாத புரதங்களைச் சிதைத்து, அவற்றின் கூறுகளைக் கொண்டு உயிர்வாழத் தேவையானவற்றை உயிரணு கட்டுகிறது. இறுதிப்படி, பெருக்கத்தை நிறுத்திச் சேமிப்பில் இறங்கி, நல்ல காலம் வரும்வரை காத்திருத்தல். நமக்குப் பயன்தரும் பொருள்கள் பெரும்பாலும் இந்த இறுதிப் படியிலேயே கிடைக்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நைட்ரஜன் இல்லாதபோது

கிளாமிடோமோனாஸ் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ளது. இரு கசையிழைகளால் நீந்துவது. உலகின் பல ஆய்வுக்கூடங்களிலும் வளர்க்கப்படுவதால் இதனைப் பற்றி நாம் மிகுதியாக அறிவோம்.

இதன் வளர்ப்பு நீரிலிருந்து நைட்ரஜன் உப்புகளை நீக்கிவிட்டால், உயிரணுக்கள் பிளவுபட்டுப் பெருகுவது விரைவில் நின்றுபோகிறது. நைட்ரஜன் இன்றிப் புரதம் இல்லை. புரதமின்றிப் புதிய உயிரணு இல்லை. ஆனால் சூரிய ஒளி தொடர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறது. கரியமில வாயுவும் கிடைக்கிறது. பிடித்த ஆற்றலைச் செலவிட வழியில்லாத நிலையில், நைட்ரஜன் தேவைப்படாத பொருள்களாக அதனை மாற்றி வைப்பதே பாசிக்குள்ள வழி. முதலில் மாவுச்சத்து குவிகிறது; பின்னர் எண்ணெய்த் துளிகள் உண்டாகின்றன. எண்ணெயில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்பவை மட்டுமே.

இதே வேளையில் பாசி தன் ஒளிச்சேர்க்கை அமைப்பையும் கலைக்கத் தொடங்குகிறது. பச்சையம் குறைகிறது, பச்சை நீர் மஞ்சளாகிறது. பிடிக்கும் ஒளி மிகுந்து செலவு வழி குறைந்தால் அந்த ஆற்றலே உயிரணுவுக்குத் தீங்காக முடியும். ஆதலின் வரவையே குறைத்துக்கொள்கிறது எனலாம். இன்னும் சில உயிரணுக்கள் பாலணுக்களாக மாறி ஒன்றோடொன்று இணைந்து, தடித்த உறையுடைய உறங்குவித்துகளாகின்றன. குளம் வற்றினாலும் இவை உயிரோடிருக்கும். நைட்ரஜன் மீண்டும் கிடைத்தால், சேமித்த மாவையும் எண்ணெயையும் செலவிட்டுப் பாசி மறுபடியும் பெருகத் தொடங்குகிறது.

ஆகவே எண்ணெய் என்பது பாசியின் செழிப்பைக் காட்டும் அறிகுறி அன்று. வளர்ச்சி நின்றதன் அறிகுறியே அது.

நெல்வயலில் நீலப்பச்சைப் பாசி

நைட்ரஜன் பஞ்சத்தை முற்றிலும் வேறு வழியில் வெல்லும் இனமும் உண்டு. அதுவே நீலப்பச்சைப் பாசி. அறிவியல் முறைப்படி இவை பாக்டீரியாக்களைச் சேர்ந்தவை எனினும், ஒளிச்சேர்க்கை செய்வதால் நெடுங்காலமாகப் பாசிகளோடு சேர்த்தே பேசப்படுகின்றன. நெல்வயல்களின் வளத்தில் நீலப்பச்சைப் பாசிக்குள்ள பங்கை பி. கே. தே என்ற இந்திய ஆய்வாளர் 1939ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஆண்டாண்டாக உரமிடாத நெல்வயலும் ஓரளவு விளைச்சலைத் தந்து வந்ததற்கு இப்பாசிகளும் ஒரு காரணம்.

காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் நைட்ரஜனேஸ் என்ற நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். பாசியோ ஒளிச்சேர்க்கையின்போது ஆக்சிஜனை வெளியிடும் உயிர். ஒரே உயிரணுவில் ஒரே நேரத்தில் இவ்விரண்டும் நடைபெறுவது கடினம். அனபீனா, நாஸ்டாக் முதலிய இழைப் பாசிகள் இச்சிக்கலைத் தொழிற்பிரிவினையால் தீர்க்கின்றன. நீரில் நைட்ரஜன் உப்பு தீர்ந்த சுமார் ஒரு நாளுக்குள், இழையில் ஏறக்குறையப் பத்து முதல் இருபது உயிரணுக்களுக்கு ஒன்று வீதம் தன் உருவை மாற்றிக்கொள்கிறது. அதன் உறை தடித்து, ஆக்சிஜன் எளிதில் புகாதவாறு ஆகிறது. ஆக்சிஜனை வெளியிடும் ஒளிச்சேர்க்கைப் பகுதியை அது கைவிடுகிறது. உள்ளே புகும் சிறிதளவு ஆக்சிஜனையும் தன் சுவாசத்தால் எரித்துவிடுகிறது. ஹெட்டிரோசிஸ்ட் எனப்படும் இவ்வுயிரணுவினுள் நைட்ரஜனேஸ் தடையின்றி வேலை செய்கிறது. அண்டை உயிரணுக்கள் அதற்குச் சர்க்கரையைத் தருகின்றன. அது அவற்றுக்கு நைட்ரஜன் கூட்டுப்பொருளைத் தருகிறது.

இதற்கும் விலை உண்டு. ஹெட்டிரோசிஸ்டாக மாறிய உயிரணு மீண்டும் பிளவுபட்டுப் பெருகாது. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை நிலைப்படுத்த, உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி. மூலக்கூறுகள் 16 செலவாகின்றன. ஆகவே அம்மோனியா எளிதாகக் கிடைக்கும் இடத்தில் இப்பாசி இந்தச் செலவை மேற்கொள்வதில்லை.

உர விநியோகத்தில் ஈடுபட்டுள்ள அலுவலர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஹெக்டேருக்கு 10 கிலோ பாசி உரத்தைத் தூவுமாறு பரிந்துரைக்கிறோம். ஒரு பருவத்தில் அது ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை நைட்ரஜன் சேர்க்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நடைமுறையில் இந்த அளவு வயலுக்கு வயல் மாறும். அதே வயலின் நீரில் யூரியாவை மேலாக வீசினால், பாசி தன் நைட்ரஜன் தொழிலை நிறுத்திவிடும். யூரியாவை மண்ணுக்குள் ஆழமாக இட்டால் மேல்நீரில் அம்மோனியா குறைந்து பாசியின் பணி தொடரும். பாஸ்பரஸ் போதாத வயலில், நைட்ரஜனை நிலைப்படுத்தும் திறனிருந்தும் பாசி வளராது. பாசிப் பொட்டலத்தைக் கொடுப்பதோடு கடமை முடிந்ததாகக் கருதாமல், அது எந்தச் சூழ்நிலையில் உழைக்கும் என்பதையும் உழவருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆக்சிஜன் குறைவும் ஹைட்ரஜனும்

பாசிகள் பகலில் ஆக்சிஜனை வெளியிடினும் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. தேங்கிய நீரில், இரவில் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துபோவதுண்டு. அந்நிலையில் பச்சைப் பாசி தன் மாவுச்சத்தைப் புளிக்கவைத்து உயிர்வாழ்கிறது. அப்போது ஃபார்மிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் எத்தனாலும் சிறிது ஹைட்ரஜனும் வெளிவருகின்றன. சுவாசத்தால் கிடைக்கும் ஆற்றலில் ஒரு சிறு பங்கே புளித்தலால் கிடைக்கிறது. ஆதலால் இது வளர்வதற்கான வழியன்று. விடியும்வரை தாக்குப்பிடிப்பதற்கான வழியேயாகும்.

பச்சைப் பாசிகள் ஹைட்ரஜன் வாயுவைக் கையாளக்கூடியவை என்பதை ஹான்ஸ் காஃப்ரான் 1939இல் கண்டார். 1942இல் அவரும் ரூபினும் சேர்ந்து, ஒளியில் பாசி ஹைட்ரஜனை வெளியிடுவதையும் அறிவித்தனர். ஆனால் ஹைட்ரஜனை உண்டாக்கும் நொதியும் ஆக்சிஜன் பட்டால் செயலற்றுப்போகும். ஒளி விழுந்ததும் ஆக்சிஜன் தோன்றும். ஆக்சிஜன் தோன்றியதும் ஹைட்ரஜன் நின்றுவிடும். இத்தடை அறுபது ஆண்டுகள் நீடித்தது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மெலிஸ் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் கந்தகப் பஞ்சத்தைக் கொண்டு இத்தடையைக் கடந்தனர். நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடும் ஒளிச்சேர்க்கை அமைப்பில் ஒரு புரதம் ஒளியால் இடைவிடாது பழுதாகிக்கொண்டே இருக்கும். உயிரணு அதனை இடைவிடாது புதுப்பிக்கும். புதிய புரதத்துக்குக் கந்தகம் வேண்டும். கந்தகத்தை நிறுத்திவிட்டால் பழுது பார்க்கும் வேலை தடைப்பட்டு, ஆக்சிஜன் உற்பத்தி படிப்படியாகக் குறைகிறது. சுமார் ஒரு நாளில் அது பாசியின் சுவாசத் தேவைக்கும் கீழே இறங்குகிறது. மூடிய கலத்தில் எஞ்சிய ஆக்சிஜனைப் பாசியே உறிஞ்சிவிடுகிறது. அதன்பின் ஒளியிலேயே சில நாள்கள் ஹைட்ரஜன் தொடர்ந்து வெளிவருகிறது.

ஒரு சத்தின் பற்றாக்குறை இங்கே ஆக்சிஜன் பற்றாக்குறையை உண்டாக்கி, அதன் வழியாக ஹைட்ரஜனைத் தந்தது. இது அரிய கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த நாள்களில் பாசி தன் புரதத்தையும் மாவுச்சத்தையும் கரைத்தே வாழ்கிறது. சில நாள்களுக்குப் பின் கந்தகத்தை மீண்டும் கொடுத்துத் தேற்றாவிடில் அது அழிந்துபோகும். உழவர் விதைநெல்லை உண்டு நாளைக் கழிப்பதற்கு இது ஒப்பாகும்.

இரு எண்களைப் பெருக்கும் கணக்கு

பாசி எண்ணெய் பற்றிய பல திட்ட அறிக்கைகளில் நேரக்கூடிய ஒரு பிழையை இனி ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்ட எண்கள் இவை. நல்ல சத்துள்ள குளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் உலர்பாசி விளைகிறது என்றும், அதில் எண்ணெய் 20 விழுக்காடு என்றும் கொள்வோம். கிடைக்கும் எண்ணெய் 4 கிராம். நைட்ரஜனை நிறுத்தினால் எண்ணெய் 50 விழுக்காடாக உயர்கிறது. உடனே 20 கிராமை 50 விழுக்காட்டால் பெருக்கி, 10 கிராம் எண்ணெய் கிடைக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் நைட்ரஜன் நின்ற குளத்தில் விளைச்சல் 20 கிராமாக நீடிப்பதில்லை. அது 6 கிராமாக இறங்கினால் எண்ணெய் 3 கிராமே. எண்ணெய் விழுக்காடு இரண்டரை மடங்கு உயர்ந்தும் மொத்த எண்ணெய் குறைந்துவிட்டது. உண்டு வளரும் பாசியின் விளைச்சலையும் பட்டினி கிடக்கும் பாசியின் எண்ணெய் விழுக்காட்டையும் பெருக்கினால் வரும் தொகை எந்தக் குளத்திலும் கிடைக்காது.

இது ஏட்டளவில் எழுந்த ஐயமன்று. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை பாசி எண்ணெய்க்காக ஒரு பெருந்திட்டத்தை நடத்தியது. சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவாயிற்று. ஏறத்தாழ 3000 பாசி வகைகள் திரட்டப்பட்டன. சத்துக் குறைவால் எண்ணெய் விழுக்காடு உயர்கிறது, ஆனால் மொத்த எண்ணெய் உற்பத்தி அதற்கேற்ப உயர்வதில்லை என்பது 1998இல் வெளிவந்த அதன் நிறைவறிக்கையின் முக்கிய முடிவுகளுள் ஒன்று. நியூ மெக்சிகோ மாநிலத்தில் அமைத்த திறந்த குளங்களில் சில நாள்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை பாசி விளைந்தது. எனினும் குளிரின் காரணமாக ஆண்டு முழுவதற்குமான சராசரி அதனினும் மிகக் குறைந்தே இருந்தது.

சத்துக்கான செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நன்கு வளர்ந்த பாசியின் உலர் எடையில் நைட்ரஜன் மட்டுமே ஏறக்குறைய 6 முதல் 8 விழுக்காடு வரை இருக்கும். பாஸ்பேட் உரத்தில் பெரும்பகுதிக்கு இறக்குமதியை நம்பியுள்ள நம் நாட்டில், எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கையிலுள்ள சத்துகளைத் திரும்பக் குளத்துக்கோ வயலுக்கோ கொண்டுசேர்க்க வழியில்லாத திட்டம் ஒரு பற்றாக்குறையைத் தீர்த்து மற்றொன்றை வளர்ப்பதாகும்.

ஏரிகள் தரும் பாடம்

இதுவரை பற்றாக்குறையால் பயன்பெறும் முயற்சிகளைப் பார்த்தோம். நகரத்து ஏரிகளிலோ சிக்கல் நேர்மாறானது. அங்கே சத்து மிகுதி. சாக்கடை நீரோடு வந்து சேரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியைப் பெருகச் செய்கின்றன. அப்பாசி மடிந்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்கிறது. விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன.

எந்தச் சத்தைத் தடுத்தால் ஏரி தெளியும்? கனடாவில் ஷிண்ட்லர் என்ற அறிஞர் 1973இல் ஓர் ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதியில் கார்பனையும் நைட்ரஜனையும் இட்டார். மறுபகுதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார். பாஸ்பரஸ் இட்ட பகுதி மட்டுமே நீலப்பச்சைப் பாசியால் மூடப்பட்டது. நைட்ரஜன் குறைந்தால் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாசிகள் உண்டு என்பதை முன்னரே கண்டோம். பாஸ்பரஸைக் காற்றிலிருந்து எடுக்க எவ்வுயிராலும் இயலாது. ஆகவே ஏரிக்கு வரும் நைட்ரஜனை மட்டும் தடுத்து, பாஸ்பரஸை விட்டுவிடுவது பயன்தராது.

இங்கும் ஆக்சிஜன் குறைவு குறுக்கிடுகிறது. ஏரியின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் உள்ளவரை இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்துவைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு கரைந்து பாஸ்பேட்டை நீருக்கு விட்டுவிடும். சாக்கடையை அடைத்த பின்னரும் ஏரி ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம். சாக்கடையை அடைத்த மறுஆண்டே ஏரி தெளியவில்லை என்று திட்டத்தைக் கைவிடுவது சரியன்று. சேற்றிலுள்ள பழைய கடன் தீரக் காலம் வேண்டும், தூர்வாருதலும் தேவைப்படலாம்.

முடிவுரை

அன்பர்களே, நுண்பாசிகள் வெறும் இரசாயன ஆலைகள் அல்ல. இல்லாமை நேரும்போது தம் உயிரைக் காக்க அவை செய்யும் ஏற்பாடுகளையே நாம் எண்ணெய் என்றும் ஹைட்ரஜன் என்றும் உரம் என்றும் பெயரிட்டு எடுத்துக்கொள்கிறோம்.

மாணவர்களுக்கு இத்துறையில் செய்யவேண்டிய பணி ஏராளம். வளர்ச்சி குன்றாமலே எண்ணெய் சேர்க்கும் வகையைக் காண்பதும், ஆக்சிஜனைத் தாங்கும் ஹைட்ரஜன் நொதியை உருவாக்குவதும், நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் உகந்த பாசிகளை நம் குளங்களிலேயே தேடுவதும் அவற்றுள் சில. அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாசித் திட்டம் ஒன்று உங்கள் மேசைக்கு வரும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். விளைச்சலும் எண்ணெய் விழுக்காடும் ஒரே குளத்தில், ஒரே காலத்தில் அளக்கப்பட்டவையா? கூறப்படும் அளவு சிறந்த நாளின் அளவா, ஆண்டின் சராசரியா? பாசி உண்ணும் சத்து எங்கிருந்து வருகிறது, முடிவில் எங்கே போய்ச் சேருகிறது? இம்மூன்றுக்கும் தெளிவான விடையுள்ள திட்டம் சிறியதாயினும் ஆதரிக்கத் தக்கது. விடையில்லாத திட்டம் எவ்வளவு பெரிதாயினும், மக்கள் பணத்தை அதில் இடுவதற்கு முன் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டியது நம் கடமையாகும்.